நீர்க்கோள் அக்கா

துறைமுகச் சாலையில் நிலக்கரி லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் ஒரு எடைமேடை இருந்தது. அதன் ஜன்னலுக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருப்பார். லாரி மேடையில் ஏறும். அவர் எடையைப் பார்த்துச் சீட்டு அடித்து நீட்டுவார். லாரி இறங்கிப் போகும். நான் அப்போது ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். எங்கள் சரக்குக்கான சீட்டுகளை வாங்க வாரத்தில் பாதி நாள் அங்கே போய் நிற்க வேண்டியிருக்கும்.

அவரை முதலில் கவனித்த நாள் நினைவிருக்கிறது. எடைமேடைக்கு எதிரே இருந்த டீக்கடையில், டீ ஆறிப்போயிருந்தது என்று ஒரு டிரைவர் கிளாஸிலிருந்த டீயைத் தரையில் ஊற்றி, கடைக்காரரைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கடைக்காரர் வயதானவர். கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா அறையைப் பூட்டிவிட்டு இறங்கி வந்தார்.

"அண்ணாச்சி, மனசுல வச்சுக்கிடாதிய. எனக்குல்லா வெக்கமா இருக்கு" என்றார்.

அவர் போன பிறகு கடைக்காரர் என்னிடம் கேட்டார்: "அந்த டிரைவர் பய இவியளுக்குச் சொந்தக்காரனா?"

சொந்தமில்லை. அந்த டிரைவரை அக்கா அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் முகம் சிவந்து, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தபடி நின்றது எனக்கு மறக்கவில்லை. யார் செய்த தப்பானாலும் அது அவர் வீட்டில் நடந்தது போல அவருக்கு உடம்பு கூசும். பேருந்தில் நடத்துனர் ஒரு கிழவியை அதட்டினால், அக்கா இறங்கும்போது அந்தக் கிழவியின் கையைத் தொட்டுவிட்டு இறங்குவார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டைக் குறை சொன்னால், பெண்ணின் அம்மாவிடம் போய் அக்கா மன்னிப்புக் கேட்பார். உப்பளத்தில் வேலை பார்த்த அவருடைய கணவர், "ஊர்ல எவன் துப்புனாலும் இவ போயி தொடச்சிட்டு நிப்பா" என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். அக்காவும் சிரிப்பார். ஆனால் மாறமாட்டார்.

எனக்கும் அவருக்கும் நெருக்கம் வந்தது 'நீர்க்கோள்' தொடரால். நிலமே இல்லாத, முழுக்கத் தண்ணீரான ஒரு கிரகம். அதில் மிதக்கும் ஒரு நிலையம். அதிலிருந்து ஆழத்துக்கு இறங்கி ஒளிச்சிப்பி எடுத்து வரும் மனிதர்கள். செல்போனில் பார்க்கிற தொடர் அது. ஒருநாள் சீட்டு வாங்கப் போனபோது அக்காவின் போனில் அந்தத் தொடரின் இசை கேட்டது. "நீங்களும் பாக்கியளா?" என்றேன். ஏதோ திருடும்போது பிடிபட்டவர் போலப் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "ஆரா செத்துட்டாள்னு நெனைக்கியா தம்பி?" என்று மெல்லக் கேட்டார். ஆரா அந்த நிலையத்தின் தலைவி.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரைப் பூங்காவில் நாங்கள் ஆறேழு பேர் கூடிப் பேச ஆரம்பித்தோம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சுடலையும் அதில் ஒருவன். தமிழ்நாடு முழுக்க ரசிகர்கள் சேர்ந்த ஒரு பெரிய குழுவும் போனில் இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் அக்காவை 'நீர்க்கோள் அக்கா' என்றே அழைத்தோம்.

அந்தத் தொடருக்கும் அவர்தான் வெட்கப்பட்டார். ஒரு அத்தியாயத்தில் ஆழ்கடல் பிராணியாக வந்தவனின் முதுகில் ஜிப் தெரிந்துவிட்டது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். தொடரைப் புதிதாகப் பார்க்க வந்திருந்த சுடலையின் மனைவியிடம், "எப்பவும் இப்படி இருக்காதும்மா, இந்த ஒண்ணுதான்" என்று சமாதானம் சொன்னார்.

இரண்டு சீசனோடு தொடரை நிறுத்திவிட்டார்கள். ஆரா இருட்டான ஆழத்துக்குள் இறங்குவதோடு படம் நின்றது. அதன் பிறகு ஒரு வருடம் போல ஒன்றுமில்லை. பிறகு அறிவிப்பு வந்தது. கதை நாவலாகத் தொடரும், தமிழிலேயே எழுதப்படும், எழுத ஒரு இளம் எழுத்தாளரை அமர்த்தியிருக்கிறார்கள்.

குழு பைத்தியம் பிடித்ததுபோல் ஆயிற்று. அட்டைப்படம் வந்தபோது அதில் தெரிந்த ஒரு கை யாருடையது என்று ஒரு வாரம் சண்டை நடந்தது. சுடலை கிரேனில் இருந்து இறங்கியதும் முதல் வேலையாகப் போனைத்தான் பார்ப்பான். அக்காவுக்கு மகிழ்ச்சியோடு பயமும் இருந்தது.

"நல்லா எழுதணுமே தம்பி. கேவலமா எழுதிட்டாம்னா நாம எப்படி வெளிய தலகாட்ட?"

"நமக்கென்னக்கா? நாமளா எழுதுதோம்?" என்றான் சுடலை.

அக்காவுக்கு அது விளங்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் எழுத்தாளர் ரசிகர் குழுவில் ஒரு செய்தி போட்டார். கடலுக்குள் இறங்குகிறவர்களை நேரில் பார்த்துப் பேச வேண்டும், தூத்துக்குடிப் பக்கம் யாராவது உதவ முடியுமா என்று கேட்டிருந்தார். அக்கா உடனே பதில் போட்டார். அவருடைய பள்ளித் தோழி ஜெசிந்தா கடற்கரைத் தெருவில் இருந்தார். அக்காவின் குடும்பம் தாமிரபரணிக் கரையில் வயல் உள்ள குடும்பம். படிப்புக்காக ஊருக்குள் வந்து விடுதியில் தங்கியபோது, சாப்பாடு பிடிக்காமல் அழுத பெண்ணை ஜெசிந்தாதான் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் மீன்குழம்பு ஊற்றியிருக்கிறார். அன்றிலிருந்து நட்பு.

ஜெசிந்தாவின் கணவர் சூசை சங்கு குளிப்பவர். படகில் இருக்கும் கம்ப்ரசரிலிருந்து நீளமான குழாய் வழியாகக் காற்று வரும். அதை வாயில் கவ்விக்கொண்டு ஆழத்தில் சங்கு தேடுவார்கள். மேலே ஒருவர் குழாயையும் இயந்திரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சூசைக்கு மேலே இருந்தது தம்பி மிக்கேல். ஒருநாள் சூசை உயிரோடு மேலே வரவில்லை. வேறு படகின் விசிறியில் குழாய் அறுபட்டுவிட்டது என்று மிக்கேல் சொன்னார். தெருவில் சிலர் வேறு மாதிரி முணுமுணுத்தார்கள். மிக்கேல் தூங்கியிருப்பான், குடித்திருப்பான் என்றெல்லாம் பேச்சு. ஜெசிந்தா அத்தனை பேர் வாயையும் தனி ஆளாக நின்று அடைத்தார். மிக்கேல் பக்கத்து வீட்டிலேயே இருந்து அண்ணன் மகள் ரீத்தாவைப் படிக்க வைத்தார்.

எழுத்தாளரை லாட்ஜிலிருந்து என் பைக்கில் நான்தான் கூட்டிப்போனேன். அக்கா நேராக அங்கே வந்துவிட்டார். எழுத்தாளர் மெதுவாகப் பேசுகிற, நல்ல மாதிரியான ஆள். ஜெசிந்தா கதையைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவருக்குக் கண் கலங்கியது.

"இவர எழுதலாமாங்க?" என்று சுவரில் மாட்டியிருந்த சூசையின் படத்தைக் காட்டிக் கேட்டார்.

"பேரு போடுவியளா?"

"பேர் மாறும். ஆனா அது இவராத்தான் இருக்கும்."

ஜெசிந்தா முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார். அதுதான் அவர் சொன்ன சம்மதம். பிறகு அக்காவும் அவரும் சமையலுக்குக் குசினிக்குள் போனார்கள். ரீத்தா என்னிடம் தன் லேப்டாப்பைக் கொடுத்துச் சரிசெய்யச் சொன்னாள். மிக்கேலும் எழுத்தாளரும் வெளியே படகு நிழலில் மணலில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். சாப்பிட்டதும் எழுத்தாளரை நானே திரும்பக் கொண்டுபோய் விட்டேன்.

அதற்குப் பிறகு நாவலுக்காக எங்களைவிட அதிகமாகக் காத்திருந்தவர் ஜெசிந்தா. அந்தத் தொடரை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. "ஏளா, புக்கு வந்துட்டா?" என்று அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பார்.

புத்தகம் வந்த அன்று அக்கா புதுப்புடவை கட்டி வந்திருந்தார். கூரியர் பையனுக்கு மிட்டாய் கொடுத்தார். எடைமேடை அறையில் வைத்தே உறையைப் பிரித்தோம்.

நாவல் நன்றாகவே இருந்தது. அதில் ஒரு அத்தியாயம் எல்லோரையும் உலுக்கிவிட்டது. அண்ணன் ஆழத்தில் ஒளிச்சிப்பி எடுத்துக்கொண்டிருக்கிறான். மேலே தம்பி காற்றுப் பொறிக்குக் காவல். குழந்தைக்குக் காய்ச்சல் என்று இரண்டு இரவாகத் தூங்காதவன், பொறியின் சத்தத்திலேயே கண்ணயர்கிறான். பொறி நிற்கிறது. கீழேயிருந்து அண்ணன் தலைக்கவச வானொலியில் தம்பியை இரண்டு தடவை கூப்பிடுகிறான். பிறகு, 'பாவம், தூங்கட்டும்' என்று சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிடுகிறான்.

குழுவில் அழாதவர்கள் இல்லை. அந்தக் காட்சியை வரைந்து போட்டார்கள். குரலில் வாசித்துப் போட்டார்கள். தொடரில் வந்த எல்லாவற்றையும்விட இதுதான் உயரம் என்று எழுதினார்கள். சுடலை கிரேன் அறையில் உட்கார்ந்து அழுததாகச் சொன்னான். நானும் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியாமல் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். சூசை அண்ணாச்சியின் கதையைத் தொட்டு எழுதியிருக்கிறார் என்று தோன்றியது, அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்கும் வரவில்லை. மறுநாள் நான் எடைமேடைக்குப் போனபோது அவருக்கு ஜெசிந்தாவின் அழைப்பு வந்தது. "இன்னும் வரலளா" என்று அக்கா சொல்லிவிட்டு வைத்தார். புத்தகம் அவருக்கு முன்னால் மேசையில் கிடந்தது.

"தெருவுல எவனோ சொன்ன அபாண்டத்தப் போயி எழுதிட்டாரு தம்பி. சோறு போட்ட வீடுலா அது. நான்லா கூட்டிட்டுப் போனேன்" என்றார்.

அன்று மத்தியானம் அவர் ரசிகர் குழுவில் எழுதினார். இந்தக் காட்சி எங்கள் ஊரில் ஒரு வீட்டில் நிகழ்ந்த சாவை வைத்து எழுதப்பட்டது, அங்கே யாரும் தூங்கவில்லை, இப்படி எழுதியது அநியாயம் என்று. அந்தக் குடும்பத்துக்கு நியாயம் கேட்பதாக நினைத்துத்தான் செய்தார். ஆனால் அதுவரை வேறு கிரகத்தில் நடந்த கதை, அந்த நிமிடத்திலிருந்து தூத்துக்குடியில் நடந்த கதையாகிவிட்டது. 'அப்படின்னா உண்மைக் கதையா?' என்று கேட்டார்கள். 'அந்தத் தம்பி இப்போ எங்கே இருக்கார்?' என்று கேட்டார்கள். ஒருவன் சிரிக்கும் பொம்மை போட்டு, 'நிஜமாவே தூங்கிட்டாரா?' என்றான். அக்கா பதறிப்போய்ச் செய்தியை அழித்தார். அதற்குள் அதைப் படம்பிடித்து வேறு குழுக்களுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.

அந்த வாரமே இரண்டு வாலிபர்கள் கேமராவோடு கடற்கரைத் தெருவுக்கு வந்துவிட்டார்கள். கெட்டவர்கள் இல்லை, புத்தகத்தில் உருகிப்போனவர்கள். தூங்கிப்போன தம்பி வீடு எது என்று தெருவில் விசாரித்திருக்கிறார்கள். அவர்களை விரட்டிவிட்டு ஜெசிந்தா அக்காவுக்குப் போன் செய்தார். "இங்கன வா" என்று மட்டும் சொன்னார்.

துணைக்கு என்னையும் அக்கா கூட்டிக்கொண்டார். வீட்டில் ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. மிக்கேல் கதவோரம் நின்றார். முங்கி முங்கி அவருக்கு ஒரு காது கேட்காது. அதனால் எப்போதும் தலையைக் கொஞ்சம் சாய்த்துத்தான் நிற்பார்.

"நான் அந்த ஆளுட்ட குழா அறுந்துதுன்னுதான் சொன்னேன்" என்றார் ஜெசிந்தா. "தூங்குனாம்ங்கிற பேச்சு அவனுக்கு எப்படித் தெரியும்? தெருவுக்குள்ள அவன் வேற எவங்கிட்டயும் பேசல. சொல்லுளா, நீயா சொன்ன?"

அக்கா மறுக்கத்தான் வாயெடுத்தார். மறுப்பதற்கு அவருக்கு உரிமை இருந்தது. எழுத்தாளரோடு அவர் தனியாக ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை என்பது எனக்கே தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவர் மிக்கேலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மிக்கேல் சுவரில் மாட்டியிருந்த அண்ணன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

அக்கா தலையைக் குனிந்தார்.

"ஆமா. நாந்தான் சொன்னேன். தெருவுல அப்படியும் பேசுனாங்கன்னு சொன்னேன். அவரு அதப் புடிச்சிக்கிட்டாரு."

ஜெசிந்தா கத்தவில்லை. "எம்மவள வளத்தவன் அவன். அவனுக்கு இந்தப் பேர வாங்கிக் குடுத்துட்டியேளா" என்றார். பிறகு, "இனிமே இங்கன வராத" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மிக்கேல் ஏதோ சொல்ல வாய் திறந்தார். அக்கா கையைக் கொஞ்சமாக அசைத்து வேண்டாம் என்று காட்டினார்.

தெருமுனை வந்ததும் நான் கேட்டேன்: "ஏங்க்கா? நீங்க சொல்லவே இல்லியே."

"புள்ளைக்குக் காய்ச்சல்னு ரெண்டு ராத்திரி தூங்கலன்னு அந்தப் புக்குல இருக்குல்லா தம்பி. தெருவுல ஒருத்தனும் அப்படிச் சொல்லல. குடிச்சிருந்தாம்னுதான் சொன்னானுவ. அது மிக்கேல் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவன்தான் அவருகிட்ட சொல்லியிருக்கணும்."

அதைச் சொல்லிவிட்டு அவர் வலை காயப்போட்டிருந்த சுவரில் கையை ஊன்றி நின்றார். புத்தகத்தில் இருந்தது பொய் என்று ஊர் முழுக்கச் சொன்னவர் அவர். ஆனால் புத்தகத்தில் இருந்ததுதான் உண்மை. அதையும் தன் செய்தியால் அவர்தான் தெருவுக்குக் கொண்டுவந்தார். மற்றவர்களுக்காகவே கூசிப் பழகியவருக்கு, அந்தக் கூச்சம் அன்று தன்மேலேயே வந்து விழுந்திருந்தது. அவர் அழவில்லை. முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். போகிறவர் வருகிறவர் பார்க்காமல் இருக்க நான் அவருக்கு முன்னால் நின்றேன்.

சில நாள் கழித்து மிக்கேல் எடைமேடைக்கு வந்தார். அறைக்குள் வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றார். நான் உள்ளே சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நான் இருப்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

"அந்தக் கதை எழுதுற ஆளு ஊருக்காரன் இல்ல. திரும்ப வரப்போறதும் இல்ல. அதனால சொல்லிட்டேன்" என்றார். "இத்தன வருசமா ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல. முழிச்சுப் பாக்கேன், தண்ணியில ஒரு குமிழி இல்ல. மதினிட்ட என்னன்னு சொல்லுவேன்? நீங்க ஏன் உங்க தலயில போட்டுக்கிட்டிய? நான் இப்பவே போயி சொல்லிருதேன்."

அக்கா வெளியே வந்தார். இரைச்சலில் அவருக்குக் கேட்க வேண்டுமென்று கேட்கிற காதுப்பக்கம் போய் நின்று பேசினார்.

"சொல்லணும்னா ஒங்க மனசு. ஆனா எனக்காவச் சொல்லாதிய. ரீத்தாவுக்கு அப்பன்னு இருக்கது நீங்கதான். ஜெசிந்தாவுக்கும் வேற ஆளு கெடையாது. நான் அவளுக்கு ஒரு சிநேகிதிதான். நான் இல்லாட்டியும் அவ இருந்துக்கிடுவா."

மிக்கேல் இரண்டு அடி போய்த் திரும்பி நின்றார். பிறகு, "அந்தப் புக்குல அண்ணன் கோவப்படலையாமே. ரீத்தா படிச்சிட்டுச் சொன்னா" என்றார்.

"ஆமா. கோவப்படல."

"அது நான் சொன்னதில்ல. அந்தாளாச் சேத்துக்கிட்டது" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று மாலை அக்கா குழுவில் மறுபடியும் எழுதினார். தான் முன்பு சொன்னது தப்பு, அந்தக் காட்சிக்கும் எங்கள் ஊருக்கும் சம்பந்தமில்லை, கவனத்தைத் தன் பக்கம் திருப்ப அப்படிச் சொல்லிவிட்டதாக எழுதினார். நூற்றுக்கணக்கானவர்கள் வந்து திட்டினார்கள். விளம்பரப் பைத்தியம் என்றார்கள். ஒரு நல்ல புத்தகத்தை அசிங்கப்படுத்தியதாகச் சொன்னார்கள். சுடலைகூட, "எதுக்குக்கா இந்த வேல?" என்று முகம் கொடுக்காமல் கேட்டான். அவர் எல்லாவற்றையும் படித்தார். ஒன்றுக்கும் பதில் போடவில்லை. ஆனால் கேமராக்காரர்கள் அதோடு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் பிறகு நடக்கவில்லை. நாவலின் இரண்டாம் பாகம் அறிவித்தபோது நான் அக்காவிடம் சொன்னேன். "அப்படியா" என்றார். வாங்கவில்லை. கடற்கரைத் தெருப் பெண்கள் மீன் விற்க அந்தச் சாலை வழியாகப் போகும்போது முன்பெல்லாம் ஜன்னலில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். இப்போது நேராகப் பார்த்தபடி நடந்தார்கள். அக்கா ஜன்னலிலிருந்து கொஞ்சம் உள்தள்ளி உட்கார ஆரம்பித்தார்.

இதையெல்லாம் இப்போது சொல்வது அவருக்குப் பிடிக்குமா தெரியவில்லை. மிக்கேல் போன வருடம் இறந்துவிட்டார். சாவதற்கு முன் ஜெசிந்தாவிடம் ஏதாவது சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

ரீத்தாவின் கல்யாணம் அதற்கு முன்பே நடந்தது. லேப்டாப் சரிசெய்து கொடுத்தவன் என்பதால் எனக்கும் பத்திரிகை வந்தது. அக்காவுக்கு வரவில்லை. மாதா கோயிலில் பூசை முடிந்து, பந்தியில் சாப்பிட்டுவிட்டு நேராக எடைமேடைக்குப் போனேன். ஒரு நிலக்கரி லாரி மேடையில் ஏறி நின்றது. எடையைப் பார்த்துக்கொண்டே அக்கா, "ரீத்தாவ யாரு கூட்டிட்டு நடந்தா?" என்றார்.

"அப்பா எடத்துல மிக்கேல் அண்ணாச்சிதான். கோட்டு போட்டிருந்தாரு. பீடம் வரைக்கும் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி விட்டாரு. ஜெசிந்தாக்கா பின்னாலயே நடந்து வந்தாவ."

அக்கா தலையை ஆட்டினார். விசைப்பலகையில் கையை வைத்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். டிரைவர் ஹாரன் அடித்தான். மறுபடியும் அடித்தான். நான் வெளியே இறங்கிப் போய் அவனைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன்.